பந்தலுக்குள் நின்ற ஜீப்

எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் எழும்பியதைப் பார்த்து, கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் வேலியோரம் நின்றுவிட்டார்கள். "யாருக்குங்க கல்யாணம்? மூத்தவளுக்கா, எளையவளுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "ரெண்டு பேருக்கும் இல்ல. ஒரு எரும மாட்டுக்கு!"

அம்மா எருமை மாடு என்று சொன்னது, நானும் தங்கச்சியும் வாங்கிவந்த பழைய ஜீப்பை. எட்டுப் பேர் உட்காரக்கூடிய, எங்கள் அடுப்படியைவிட நீளமான, டீசலில் ஓடுகிற ஜப்பான் ஜீப். ஓடுகிற என்றா சொன்னேன்? அப்போது அது ஓடவில்லை. பல வருடமாக ஓடியிருக்கவும் இல்லை.

எங்கள் தொழில் கல்யாண அலங்காரம். பெண்ணுக்குச் சேலை கட்டி, தலை பின்னி, முகம் எழுதுவது நான். மணவறை, விளக்கு, பின்னால் தொங்கும் துணி எல்லாம் தங்கச்சி. வீடு ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற வழியில் ஒரு தோட்டத்தில். மற்றவர்களுக்கு மணவறை போட்டே எங்கள் வயது போகிறது என்று அம்மாவுக்கு ஒரு குறை உண்டு. எங்களுக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை.

ஜீப்புக்கு முன்னால் எங்களிடம் ஒரு குட்டி வேன் இருந்தது. தார் ரோட்டில் நன்றாகப் போகும். தோட்டத்து ரோட்டில் கல் பெயர்ந்த இடம் வந்தால் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கும். ஒரு தடவை அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு கல்யாணம். மழையில் வேன் பாதி மேட்டில் சறுக்கி நின்றுவிட்டது. மணவறைத் தூண்களைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினோம். ஜரிகைத் துணி முழுக்கச் சேறு. பெண்ணின் அம்மா அந்தத் துணியைப் பார்த்து அழுதாள். நாங்களும் கூடவே அழுதுகொண்டு பைப்படியில் துவைத்தோம். அன்றைக்கே தங்கச்சி சொன்னாள்: "க்கா, இனி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாம நான் மேட்டுக்கு வரமாட்டேன்."

வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. ஓடுகிற ஜீப் எதுவும் எங்கள் கைக்கு எட்டாது. ஓடாத ஜீப்பைத்தான் தேட முடிந்தது. அக்கரப்பத்தனையில் ஒரு பழைய பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்காகப் புதுப்பிக்கிறார்கள், அங்கே ஷெட்டில் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, குட்டி வேனை விற்ற பணத்தோடு போனோம்.

பங்களாவைக் காவல் காக்கிற வாச்சர் தார்ப்பாயை இழுத்தார். தூசி அடங்கியதும் தெரிந்தது: நான்கு டயரிலும் காற்று இல்லை, கதவோரமெல்லாம் துரு, கண்ணாடியில் பாசி. தங்கச்சி உடனே கீழே படுத்து உள்ளே புகுந்துவிட்டாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "க்கா, சேஸி நல்லாருக்கு!" என்று கத்தினாள். அடிச்சட்டம் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் செய்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

நான் பின்கதவைத் திறந்தேன். திறந்ததும் ஒரு சீறல். பின் சீட்டின் பஞ்சைக் கிளறி, ஒரு கோழி அடை படுத்திருந்தது.

வாச்சர் தலையைச் சொறிந்தார். "முட்ட எல்லாம் பொரிக்கிற நேரம்ங்க. இப்ப அசைச்சா வீணாப் போயிரும். வண்டி எங்கயும் ஓடிறாது. குஞ்சு எறங்கினதும் எடுத்துக்கிறீங்களா?"

பங்களாவை வாங்கிய கொழும்புக்காரரும் அங்கே இருந்தார்; சிரித்துவிட்டு, "வாச்சர் சொல்றதுதான்" என்றார். நாங்கள் முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். ஒரு வாரம் கழித்து வாச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எறங்கிருச்சுங்க! எல்லாம் நல்லாருக்கு!" என்றார். யாருக்கோ பிரசவம் ஆன மாதிரி தங்கச்சி துள்ளிக் குதித்தாள்.

லொறிக்காரர் ஜீப்பை ஏற்றிக்கொண்டு தலவாக்கலை, ஹட்டன் எல்லாம் தாண்டி எங்கள் தோட்டத்து முகப்புவரை கொண்டுவந்தார். அதற்கு மேல் லொறி திரும்ப இடமில்லை. இறக்கிவிட்டார். டயருக்குக் காற்று மட்டும் அடித்திருந்தோம். அந்த நேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் சாக்கைத் தோளில் போட்டபடி நின்று பார்த்தார்கள். ஒரு அக்கா சாக்கைக் கீழே வைத்தாள். "என்னா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? தள்ளுங்க!" என்றாள். அவ்வளவுதான். முன்னால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, பின்னால் அத்தனை பேரும் தள்ள, நடுநடுவே ஒரு ஆள் சக்கரத்துக்குக் கல் வைக்க, அந்த ஜீப் எங்கள் முற்றத்துக்கு ஊர்வலமாக வந்து சேர்ந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். ஆரத்தி எடுக்காததுதான் பாக்கி.

ஷெட் கட்ட வசதி இல்லை. ஆனால் எங்களிடம் பந்தல் இருந்தது. கல்யாணத்துக்குப் போடும் இரும்புக் குழாயை நட்டு, மேலே தார்ப்பாய், அதற்குக் கீழே தூசி விழாமல் வெள்ளைத் துணி. ஓரத்தில் சுருக்குத் தொங்கல்கூட இருந்தது. அதற்குள் ஜீப்பை நிறுத்தியபோதுதான், அதைத் தள்ளிவந்த பெண்களே கல்யாணம் யாருக்கு என்று கேலியாகக் கேட்டார்கள்.

தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படித்தவள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்து ஒரு கராஜில் சேர்ந்தாள். அங்கே அவளைப் பில் எழுத உட்கார வைத்தார்கள். சில மாதம் எழுதினாள். பிறகு என்னோடு மணவறை போட வந்துவிட்டாள். அவளுடைய ஸ்பேனர் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஜீப் வந்த மறுநாள் காலை அந்தப் பெட்டியை இழுத்து எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, கல்யாண நகை அடுக்குகிற சிவப்புத் துணியில் வரிசையாக வைத்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

கல்யாணம் வந்தால் வாடகை வண்டியில் போனோம்; இல்லாத நாளெல்லாம் ஜீப் வேலை. சீட்டுகளைக் கழற்றினோம். கீழே விரிப்பைத் தூக்கினால் தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வயர்களில் பாதியை எலி தின்றிருந்தது. தங்கச்சி பழைய வயரை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தாள். நான் துரு சுரண்டினேன். கல்யாணப் பெண்ணின் கன்னத்தைத் தடவுகிற கை, சுரண்டிச் சுரண்டி மரவள்ளிக் கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. அம்மா திட்டிக்கொண்டே, கழற்றிய நட்டு போல்ட்டை எல்லாம் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவி, அளவு பார்த்துப் பழைய பால்மா டின்களில் பிரித்து வைத்தாள். "எரும மாட்டுக்குப் பல்லு வெளக்கி விடுறேன்" என்பாள்.

தகர வேலைக்கு ஹட்டனிலிருந்து, பாஸ் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு சிங்கள மேஸ்திரி வெல்டிங் பெட்டியோடு வந்தார். முற்றத்தில் கால் வைத்ததுமே பந்தலைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர், சாயங்காலம் போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் போட்ட தகரத்தில் ஒரு ஊசி ஓட்டை கிடையாது. போகும்போது போனட்டைத் தட்டி, "எஞ்சின் எக்க ஹொந்தாய், நங்கி" என்றார். 'இஞ்சின் நல்லது, தங்கச்சி' என்கிறார். தங்கச்சி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லதான்னு நாளைக்குப் பார்ப்போம்" என்றாள்.

மறுநாள் இஞ்சின் ஒயிலை இறக்கினாள். பால் டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது, இஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தை மாதம் வரிசையாகக் கல்யாணம் ஒத்துக்கொண்டிருந்தோம்.

"ஸ்டார்ட் ஆனா போதும்டி. தலையெல்லாம் பொறவு பார்த்துக்கலாம்."

"ஸ்டார்ட் ஆகி, நடு மேட்டுல நின்னா? நீ எறங்கித் தள்ளுவியா?"

"கழட்டினத திரும்பப் பூட்டத் தெரியுமா ஒனக்கு?"

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கினாள். பந்தலுக்குள் போய் இஞ்சினைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். பிறகு எங்களுக்குள் பேச்சு அம்மா வழியாகத்தான். "அம்மா, அவகிட்ட அந்தப் பெரிய ஸ்பேனர குடுக்கச் சொல்லுங்க." "அம்மா, சோறு ஆறுதுன்னு சொல்லுங்க அவகிட்ட." அம்மா கொஞ்சநேரம் தூது போனாள். பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "ஏன்டி, நான் என்ன டெலிபோனா?" என்றாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது. அத்தோடு சரி. கழற்றிய தலையை உரச் சாக்கில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்துக்கொண்டு வந்தோம்.

ஹட்டனில் எங்களுக்கு உதிரிப் பாகம் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் கடைக்காரர்; நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். முதல் நாள் ஜீப்பின் ஒரு படத்தைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மகள், இந்த வண்டி மேல எனக்கு வாலிப வயசுலேயே ஒரு கண்ணு. வாங்க முடியல்ல. பாகம் மட்டும் வித்துக்கிட்டே காலம் போச்சு." அதற்குப் பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் பாகத்தைக் கையில் கொடுக்குமுன் படத்தைக் காட்டச் சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து, ஆளே முச்சக்கரவண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கையில் கருப்பட்டி போட்டு அவித்த வட்டிலப்பம். இன்னொரு கையில் எங்கெல்லாமோ தேடியும் எங்களுக்குக் கிடைக்காத ஹீட்டர் மோட்டார். "எங்க புடிச்சீங்க நானா?" என்று தங்கச்சி கேட்டாள். "கண்டியில மச்சான்ட கடையில. அவன் தரமாட்டேன்னான். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க பந்தல் போட்டு ஜீப் கட்டுறாங்கன்னு சொன்னேன். நம்பல்ல. படத்தக் காட்டினேன்."

ஹீட்டர் எனக்கு முக்கியம். தை மாதத்து விடியற்காலை எங்கள் மலையில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பட்டுச் சேலையில் நடுங்குகிற பெண்ணுக்குக் கண்மை எழுதிப் பாருங்கள். தங்கச்சிக்கு முக்கியம், மூடுபனியில் தெரிகிற மஞ்சள் விளக்கு. இரண்டையும் போட்டோம். பின்னால் போகும்போது பார்க்க ஒரு சின்னக் கமரா. மேலே மணவறைத் தூண் கட்ட இரும்புத் தட்டு. பின் சீட் மடங்குகிற மாதிரி புதுக் கீல். உள் அலங்காரத்தை நான் எடுத்துக்கொண்டேன். மணமக்கள் சோபாவுக்கு வாங்கியதில் மிஞ்சிய மெரூன் வெல்வெட்டில் எல்லாச் சீட்டுக்கும் உறை தைத்தேன். கூரையின் உள்பக்கத் துணி கிழிந்து தொங்கியது. அதைப் பிய்த்துவிட்டு, சந்தன நிற சாட்டினை மணவறைக் கூரை போலவே மடிப்பு மடிப்பாக ஒட்டினேன். தங்கச்சி பார்த்துவிட்டு, விளக்குப் பெட்டியை எடுத்துவந்து, மடிப்புக்குள் குட்டிக் குட்டி விளக்குச் சரம் ஓட்டிவிட்டாள்.

ஸ்டார்ட் செய்த நாளில் ஆள் பற்றவில்லை. டீசல் குழாயில் இருக்கிற காற்றைப் போக்க நான் கைப்பம்பை அமுக்க வேண்டும். தங்கச்சி இஞ்சினருகில் நட்டைத் தளர்த்தி இறுக்க வேண்டும். சாவி திருப்ப யார்? அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தோம். வாழ்க்கையில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை அவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"திருப்புங்கம்மா! ... போதும்! ... திருப்புங்க! ... போதும்!"

டீசல் என் முகத்தில் பீய்ச்சியது. தங்கச்சி நட்டை இறுக்கினாள். "இப்ப விடாமத் திருப்புங்க!"

ஜீப் இருமியது. ஒரு தரம் உலுக்கியது. வெள்ளைப் புகை பந்தல் முழுக்க நிறைந்தது. அந்தப் புகைக்குள் அம்மா, "அய்யய்யோ, நிக்க மாட்டேங்குது! அணைங்கடி!" என்று கத்தியபடி ஹாரனில் கையை ஊன்றிவிட்டாள். பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். புகை விலகியபோது தங்கச்சி இஞ்சின் மேல் கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. கண்ணில் தண்ணீர். இஞ்சின் டக்டக்கென்று ஒரே சீராக ஓடியது. கழற்றியதை அவள் பூட்டியிருந்தாள். நான் அவள் காதருகே போய், "தெரியும்டி ஒனக்கு" என்றேன். "என்னா? கேக்கல!" என்று கத்தினாள். கேட்டிருக்கும்.

தை பிறந்தபோது ஜீப் ஓடியது, பரிசோதனை முடிந்தது, பத்திரமெல்லாம் சரி. ஆனால் நிறம் அடிக்க நேரம் கிடைக்கவில்லை. சாம்பல் நிற பிரைமர், நடுநடுவே சிவப்புத் திட்டு. அப்படியே முதல் கல்யாணத்துக்குப் போனோம்.

கல்யாண மண்டபம் மஸ்கெலியா டவுனில். பெண் வீடு டவுனுக்கு மேலே, ஒரு தோட்டத்தின் உச்சிப் பிரிவில். முதல்நாள் மண்டபத்தில் சாமானை இறக்கிவிட்டுத் தங்கச்சி அங்கேயே தங்கினாள். விடியுமுன் பெண்ணை அலங்கரிக்க வேண்டுமென்பதால் நான் ஜீப்பை ஓட்டிக்கொண்டு மேலே போய், பெண் வீட்டில் படுத்தேன். போகும்போது ரோடு காய்ந்திருந்தது. ராத்திரி முழுக்க மழை கொட்டியது.

காலையில் பெண் தயார். பூ, நகை, எல்லாம் அமைந்துவிட்டது. ஹட்டனில் பேசியிருந்த வெள்ளைக் கார்தான் வரவில்லை. கடைசியில் அதன் டிரைவர் போன் பண்ணினார். கீழே வளைவில் ரோட்டை மழை அரித்துவிட்டதாம், காரின் வயிறு தட்டுகிறதாம், ஏற முடியாதாம். பெண்ணின் அப்பா மூடுபனியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முற்றத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ண இதுலயாம்மா கூட்டிப் போறது? பெயின்டு கூட இல்லியே."

அவர் சொன்னது நியாயம்தான். பெண் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடைக்குள் நடந்துபோய், தானே பின்கதவைத் திறந்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். சாட்டின் மடிப்புக்குள் விளக்கெல்லாம் எரிந்தன. அவள் தலையை உள்ளே நீட்டி அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா! உள்ள மணவறை இருக்குப்பா!"

அதற்குப் பிறகு அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எட்டுப் பேர் வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று நான் எண்ணவில்லை. சின்னம்மாமார், மாமிமார், தாம்பாளம், ஒரு வாழைக்குலை. யாரோ முன்னால் சாமந்தி மாலை கட்டினார்கள். நான் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். அந்த மாதிரி இறக்கத்தில் அதுவரை நான் ஓட்டியதில்லை.

"க்கா, கேளு. நாலு சக்கரமும் புடிக்கிற சின்ன லிவர் இருக்குல்ல, அதப் போட்டுட்டு முதல் கியர்ல விடு. பிரேக்க மிதிச்சிக்கிட்டே போகாத, சறுக்கிரும். இஞ்சினே புடிச்சுக்கும். நான் கட்டின இஞ்சின், விடாது. நீ ஸ்டியரிங்க மட்டும்..."

சிக்னல் போய்விட்டது.

முதல் கியரில் விட்டேன். ஜீப் உறுமிக்கொண்டு, நடந்து போகிற ஆளின் வேகத்தில் இறங்கியது. மஞ்சள் விளக்கில் தேயிலைச் செடி ஓரம் மட்டும் தெரிந்தது. அரித்த வளைவு வந்தது. நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம், தண்ணீர் ஓடுகிறது. பின்னால் எல்லாரும் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டேன். முன்சக்கரம் இறங்கியது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வாழைக்குலை ஒரு மாமியின் மடியில் விழுந்தது. பிறகு பின்சக்கரமும் இறங்கி, நான்கும் பிடித்து, அலுங்காமல் ஏறி வெளியே வந்துவிட்டோம். கீழே வெள்ளைக் காரும் அதன் டிரைவரும் ஓரமாக நின்று பார்த்தார்கள். பின்னால் ஒரு சின்னம்மா குலவை போட்டாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குலவை டவுன் வரும்வரை ஓயவில்லை.

மண்டப வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பைப் பார்த்து முதலில் திகைத்தார்கள். பெண் இறங்கியபோது அவள் தலையில் ஒரு பூ கலையவில்லை. வேர்வைகூட இல்லை, குளிரும் இல்லை. போட்டோக்காரர் அவளை மறுபடி உள்ளே உட்காரச் சொல்லி, விளக்கோடு படம் எடுத்தார். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை நேராக எங்களிடம் வந்தார். "நாங்களும் இதுலயே மேல பொண்ணு வீட்டுக்குப் போகலாமாங்க?" வெள்ளைக் கார் வெறுமனே ஹட்டனுக்குத் திரும்பிப் போனது.

அவர்களை மேலே இறக்கிவிட்டு வந்து, மண்டபத்துச் சாமானை ஏற்றிக்கொண்டு, பின்னேரம் தங்கச்சி ஓட்ட நாங்கள் புறப்பட்டோம். மழை விட்டிருந்தது. நீர்த்தேக்கத்து ஓரம் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, பெண் வீட்டில் கட்டிக் கொடுத்த சோற்றைப் போனட் மேல் வைத்துச் சாப்பிட்டோம். இஞ்சின் சூட்டில் சோறு ஆறாமல் இருந்தது. மரக்கறி லொறி ஓட்டுகிற ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பை இரண்டு சுற்று சுற்றினார். கீழே குனிந்து பார்த்தார்.

"நல்ல வண்டி. குடுக்கிறதாங்க?"

தங்கச்சி வாயில் சோற்றோடு தலையை ஆட்டினாள். "வண்டி குடுக்க மாட்டோம். கல்யாணம் ஏதும் இருந்தா சொல்லுங்க, வண்டியோட நாங்களும் வருவோம்."

அவர் சிரித்தார். பிறகு யோசித்தார். தங்கை ஒருத்தி இருக்கிறாளாம், பங்குனியில் நாள் பார்த்திருக்கிறார்களாம், வீடு ரொம்ப மேட்டிலாம். தங்கச்சி இடது கையால் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அவர் நம்பரைப் பதிந்துகொண்டேன்.